கேட்காமல் சொன்ன "சரி"

அன்பு மனைவி ரம்ஜானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உன் முட்டிவலி தேவலையா? நம் மகள் ஷைமா ஒழுங்காகக் கல்லூரிக்குப் போகிறாளா? நான் ஷார்ஜாவில் நலம்.

போன வாரம் ஒரு கூத்து. தையல்கடையிலிருந்து அறைக்குப் பதினோரு வருடமாக நடக்கிற வழிதான். அன்று எந்தத் தெருவில் திரும்புவது என்று மறந்து நின்றுவிட்டேன். கடையில் கூட வேலை செய்யும் இல்யாஸ்தான் டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் பொள்ளாச்சிக்காரர். சோதித்துவிட்டு, "பயப்படாதீங்க. பிரஷர் ஏறியிருக்குதுங்க, காதும் மந்தம். கேக்கறதில்லைன்னு பேச்சையே உட்டுப்போட்டீங்க. மூளை நல்லாயிருக்கோணும்னா நாலு பேர்கிட்டப் பேசோணுங்க" என்றார். மாத்திரை சாப்பிடுகிறேன், தினமும் நடக்கிறேன், காதுக்கு மிஷினும் வாங்கியாயிற்று.

இல்யாஸ் லீவில் ஊருக்கு வருகிறார். திரும்பும்போது இரண்டு கைலி கொடுத்தனுப்பு. அவர் வரும்வரை இங்கே தமிழ் பேச ஆளில்லை. தினமும் போன் செய்.

இதை போனில் சொல்ல வெட்கம், அதனால் எழுதுகிறேன். ஒரு வருடமாக நீ போனில் பேசியதில் பாதி எனக்குக் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் "சரி, சரி" என்றேன். நோன்புப் பெருநாளன்று நீ ஏதோ கேட்டாய். நான் "சரி" என்றதும் நீ அழுதது மட்டும் கேட்டது. என்ன கேட்டாய் ரம்ஜான்? மறுபடியும் கேள்.

இந்தக் கடிதத்தை வாங்கிப் போக இல்யாஸ் வாசலில் நிற்கிறார், முடிக்கிறேன்.

உன் பஷீர்