உள்பக்கம் பூசாத அலுமாரி

போன கிழமை, மழை விட்ட ஒரு மத்தியானம், வெள்ளவத்தையில் காலி வீதித் துணிக்கடையொன்றில் திரைச்சீலைக்குத் துணி பார்த்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர் புதுச் சுருளொன்றை மேசையில் உருட்டி விரித்தார். கஞ்சி வாசனை எழும்பியது. எத்தனை மீட்டர் என்று அவர் கேட்டதற்கு, எங்கள் யன்னல் அளவு எழுதிய துண்டை அப்படியே அவரிடம் நீட்டினேன். நீர் உயிரோடில்லாமல் வருகிற முதல் நத்தார் இது.

ஒவ்வொரு நத்தாருக்கும், யேசு பாலன் பிறக்கிற அந்த இரவுக்கு முதல், திரைச்சீலை புதிதாக இருக்க வேண்டும் என்பது வேதக்காரர் உங்கள் வீட்டுச் சட்டம். மார்கழி முதல் ஞாயிறு நான் கொட்டாஞ்சேனைக்கு வந்து ஏணியைப் பிடிப்பேன், நீர் ஏறி நின்று மாட்டுவீர். அது முடிந்த பிறகு பாலன் குடில். "சைவக்காரி பிடிக்கிற ஏணிதான் ஆடாம நிக்குது" என்று உமது கணவர் கீழே இருந்து பகிடி விடுவார். கோட்டையில் ஒரே கந்தோரில், பக்கத்துப் பக்கத்து மேசைகளில் தட்டெழுதிக்கொண்டிருந்த இரண்டு பேருக்கு இடையில் வளர்ந்த வழக்கம் அது.

உமது கணவர் ஒரு வைகாசி மாதம், துறைமுகத்தில் வேலையாக நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துபோனார். நாற்பத்தைந்து வயது. பிள்ளைகளும் இல்லை. செத்தவீட்டில் நீர் அழவில்லை. வந்தவர்களுக்கு நீரே தேத்தண்ணி கொடுத்தீர். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும் என்னைப் படுக்கையறைக்குள் கூப்பிட்டு அந்தத் தேக்கு அலுமாரியைக் காட்டினீர். கலியாணமான கிழமை கிராண்ட்பாஸில் யாரோ ஒரு பழைய வீட்டைக் காலி செய்தபோது நீங்கள் இருவரும் வாங்கியது. கைவண்டிலில் அதை ஏற்றி, கண்ணாடி உடையாமல் இருக்க அவர் அதைக் கட்டிப்பிடித்தபடியே கொட்டாஞ்சேனைவரை நடந்தாராம். தெருவில் பார்த்தவர்கள் சிரித்தார்களாம்.

"இதை நீர் கொண்டு போம்," என்றீர். "வச்சுப் பாக்கவும் ஏலாது, வேற ஆளுக்குக் குடுக்கவும் ஏலாது."

நான் கொண்டுபோனேன். ஐப்பசியில் தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். அறை சின்னது, ஒரே ஒரு யன்னல். கறுத்துப்போன அந்த அலுமாரி சுவரையே மறைத்துக்கொண்டு நின்றது. "இதுக்கும் வெளிர் நிறமா ஒண்டு அடிச்சா அறை வெளிச்சமா இருக்கும்" என்றார் என் கணவர். எனக்கும் சரியாகத்தான் பட்டது. இளநீலம். இரண்டு நாள் நானே நின்று பூசினேன். உம்மிடம் கேட்க வேண்டும் என்ற எண்ணம் ஒரு நிமிடமும் வரவில்லை என்பதை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை.

தீபாவளியன்று வழக்கம்போல மத்தியானம் வந்தீர். அறை வாசலில் நின்றீர். "பளிச்செண்டு இருக்கு," என்றீர். வடையில் பாதியை வைத்துவிட்டு, பஸ் போய்விடும் என்று எழும்பினீர்.

அதன் பிறகு ஐந்து கிழமை. கந்தோரில் பக்கத்து மேசையில் இருந்தும் வேலைக் கதையைத் தவிர வேறு கதை இல்லை. கடிதத்தை நீட்டினால் வாங்கினீர், பிழையைக் காட்டினால் திருத்தினீர். சாப்பாட்டுப் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் திரும்பி இருந்து திறந்தோம். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மார்கழி முதல் ஞாயிறு வந்தது. நீர் கூப்பிடவில்லை. ஆனாலும் வந்தேன். கதவைத் திறந்த உமக்குப் பின்னால் வீடு வெறுமையாகக் கிடந்தது. பழைய திரைச்சீலையே தொங்கியது; குடில் பெட்டியின் கயிறு அவிழ்க்கப்படவில்லை.

"இந்த வருஷம் ஒண்டும் இல்லை," என்றீர்.

"நான் கேட்டிருக்க வேணும்," என்றேன். "கேக்காம விட்டிட்டன். என்ரை பிழைதான்."

நீர் கதிரையில் இருந்தீர். தரையைப் பார்த்தபடி சொன்னீர். "தந்தது நான். தந்த பிறகு அது உம்முட சாமான். கோவிக்க எனக்கு என்ன உரிமை எண்டு எனக்கே நான் சொல்லிப் பாத்தன். கேக்க மாட்டேனெண்டுது மனசு." பிறகு சட்டென்று தலையை நிமிர்த்தினீர். "உள்ளுக்கும் பூசினீரா?"

"இல்லை. பெயின்ற் முடிஞ்சுபோச்சு."

அதே கையோடு எழும்பி, சேலைகூட மாற்றாமல் வந்து என்னோடு பஸ் ஏறினீர். புறக்கோட்டையில் இறங்கி மற்ற பஸ்ஸில் வெள்ளவத்தை வந்தோம்.

அலுமாரிக் கதவைத் திறந்தீர். என் சேலைகளை அணைத்து எடுத்து என் கையில் தந்தீர். தலையை உள்ளே நுழைத்தீர். பழைய தேக்கும், பூச்சி உருண்டையும், அவர் பூசுகிற பவுடர் மணமும் அந்த மரத்துக்குள் ஏழு மாதமாக அப்படியே இருந்திருக்கின்றன. உமது தோள் குலுங்கத் தொடங்கியது. அவர் போனதற்கு நீர் அழுதது அன்றைக்குத்தான். சேலைகளைச் சுமந்தபடி நான் பக்கத்தில் நின்றேன். எட்டிப் பார்த்த என் கணவர் சத்தமில்லாமல் குசினிக்குள் போய்த் தேத்தண்ணிக்குக் கேத்திலை வைத்தார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆரும் கேட்டா, அலுமாரிக்குள்ள கரப்பான் பாக்க வந்தனான் எண்டு சொல்லும்," என்றீர். இருவருக்கும் சிரிப்பு வந்தது. அடுத்த ஞாயிறு குடில் வைத்தோம், திரைச்சீலை மாட்டினோம்.

நீலத்தைச் சுரண்டி எடுத்துத் தருகிறேன் என்று பலமுறை சொன்னேன். "விடும். வெளிப்பக்கம் உம்முட தீபாவளி. உள்பக்கம் மட்டுமே எனக்குக் காணும்" என்பதோடு அந்தக் கதையை முடித்துவிடுவீர். பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் சாப்பாட்டுக்கு முதல் போய் அலுமாரியைத் திறப்பீர். எங்கள் வீட்டில் எவரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. ஏழெட்டு வருடம் போன பிறகு ஒருநாள் கதவைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்தீர். "இப்ப உம்முட சேலை மணம்தான் வருது." நீர் கையைத் தட்டிக்கொண்டு மேசைக்கு நடந்தீர். "பரவாயில்லை, அதுவும் தெரிஞ்ச மணம்தானே."

இந்தப் பங்குனியில் உம்மையும் அவர் கல்லறைக்குப் பக்கத்திலேயே வைத்தோம். கொட்டாஞ்சேனைக்கு இனி எனக்கு வேலையில்லை. ஆனால் மார்கழி பிறந்ததும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. நேற்றுக் கடதாசி நட்சத்திரமொன்று வாங்கி, உள்ளே பல்ப் போட்டு, எங்கள் மாடி பல்கனியில் கட்டினேன். பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளை உடுப்புக் காயப்போட வந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, நீங்கள் வேதக்காரரோ?"

"இல்லைப் பிள்ளை," என்றேன். "என்ரை சிநேகிதி வேதக்காரி."