கரும்பலகையில் அழிந்த கோடு

ஹெர்னோசாண்ட்
நவம்பர் 1993

அன்பு மகள் இங்கெலாவுக்கு அப்பா எழுதுவது. கனடாவில் நீயும் நீ கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளும் நலமாயிருக்க வேண்டும். இங்கே அம்மா நலம், தம்பி ரூனே நலம். என் நலத்தைக் கடைசியில் எழுதுகிறேன்.

பனி கொட்டத் தொடங்கிவிட்டது, அம்மா உனக்குக் கம்பளிக் காலுறை பின்னுகிறாள், போன வருடத்ததைப் போட்டாயா என்று கேட்கச் சொன்னாள். ரூனேவுக்கு நான் இருக்கும் காகிதக் கூழ் ஆலையிலேயே வேலை கிடைத்துவிட்டது. ஊரில் பாதிப் பேர் வேலையில்லாமல் இருக்கும்போது இது பெரிய விஷயம் என்று அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை, நான்தான் எந்தக் குழு என்று கேட்டேன். தொட்டி கழுவும் குழுவில் போட்டிருக்கிறார்கள். போன வருடம் என்னோடு வேலை பார்த்த ஸ்டிக் நச்சுக்காற்றில் செத்தானே, அதே தொட்டி. அன்று மேலே நின்றவர்கள் எல்லாரும் புதியவர்கள், கயிற்றை இழுக்கத் தெரியாமல் விழித்தார்கள். அதற்குப் பிறகுதான் உள்ளே ஒரு தேர்ந்த ஆள், மேலே கயிற்றோடு இன்னொரு தேர்ந்தவர் என்று பாதுகாப்புப் பிரதிநிதியாக நான் சண்டை போட்டு விதி வாங்கினேன்.

இப்போது செலவைக் குறைக்க லினேயா என்று ஒரு பொறியாளர் வந்திருக்கிறாள், உன் வயதுதான், கெட்டவள் இல்லை. தேர்ந்தவர்கள் x, புதியவர்கள் y என்று பலகையில் எழுதினாள். குழுவில் ஆறு பேராவது வேண்டும், x + y ≥ 6. தேர்ந்தவருக்கு மூன்று பங்கு கூலி, புதியவருக்கு இரண்டு, மொத்தம் பதின்மூன்றைத் தாண்டக் கூடாது, 3x + 2y ≤ 13. என் விதி x ≥ 2. மூன்றையும் கோடாக இழுத்து, மூன்றுக்கும் பொருந்தும் இடத்துக்கு நிழல் போடப் பார்த்தாள், இரண்டு தேர்ந்தவரும் நான்கு புதியவரும் போட்டாலே பதினாலு வருகிறது. "மூணு கோட்டையும் வெச்சா நிழல் போட இடமே இல்ல ஆர்விட், ஒண்ணு போயாகணும்" என்றாள். பணக் கோட்டைத் தள்ளிப் போடேம்மா என்றேன். "அது என் கோடு இல்ல, தலைமை அலுவலகத்தோடது" என்று சொல்லி என் கோட்டைத் துடைத்துவிட்டாள். மிஞ்சியது விரல் அகலத்துக்கு ஒரு முக்கோணம். அதன் மூலையில் ஒரு தேர்ந்த ஆள், ஐந்து புதியவர்கள். அந்த ஐவரில் நம் ரூனே.

இதயக் கோளாறுக்குப் பிறகு என்னைப் பண்டகசாலைக்கு மாற்றியபோது கூலியையும் மூன்றிலிருந்து இரண்டு பங்காகக் குறைத்தார்கள் அல்லவா. அதை வைத்துத்தான் கேட்டேன், புதியவர்களில் ஒருவனைப் பண்டகசாலைக்கு அனுப்புங்கள், அவன் இடத்தில் நான் வருகிறேன் என்று. கூலியில் நான் y, தொட்டி வாயில் நான் x. கணக்கு பதின்மூன்றிலேயே நின்றது, லினேயா கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். ரூனே மட்டும் "ஏம்ப்பா மானத்த வாங்குற, எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்க" என்று கத்தினான். சிரிக்கட்டும்.

இன்று யாரும் இல்லாத நேரத்தில் கயிற்றை இழுத்துப் பார்த்தேன், இங்கெலா. மணல் நிரப்பிய சாக்கு, ரூனேயின் எடையில் பாதிகூட இருக்காது. பாதி வழியில் என் நெஞ்சு அடைத்துக் கை நழுவிவிட்டது. வெளியே சொன்னால் என்னை விலக்கிவிடுவார்கள், குழுவில் மறுபடி ஒரே ஒரு தேர்ந்தவர்தான், அதனால் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது.

அம்மா நான் இன்னும் பண்டகசாலையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள், தொலைபேசியில் உளறிவிடாதே. காலுறையைப் போட்டுக்கொள். நீ நீண்ட நாள் குறையில்லாமல் வாழ வேண்டும். நாளை காலை ரூனே தொட்டிக்குள் இறங்குகிறான், கயிறு என் கையில்.

உன் அப்பா,
ஆர்விட்