சோளக்காட்டு மூலைக்கு ஆதாரம்

இன்று காலை கணிப்பொறித் திரையைத் துடைக்கப் பனியன் கம்பெனி வேஸ்ட் துணிப் பையைப் பிரித்தேன். சாய வாடை வந்ததும், நீ பக்கத்து நாற்காலியில் இருப்பது போலிருந்தது. "மொதல்ல உன்ற கண்ணாடியத் தொடை புள்ள, அப்புறம் திரையத் தொடைக்கலாம்" என்பாயே. துடைத்தேன். ஆனால் நாம் எழுதிய பக்கத்தைத் திறக்கக் கை வரவில்லை. பயமாக இருக்கிறது. நான் எளிதில் பயப்படுகிறவள் அல்ல என்பது உனக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரர் இறந்த வருடம், முடங்கிக் கிடந்த என்னை இந்த இணையக் கலைக்களஞ்சியத்துக்குள் இழுத்தவள் நீ. யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்றபோது முகம் சுளித்தேன். கன்னியர் பள்ளியில் பிழை திருத்திப் பழகிய கை சும்மா இருக்கவில்லை. பக்கம் பக்கமாகப் பிழை பொறுக்கினேன். அவிநாசி போகும் வழியிலுள்ள நம் சிற்றூருக்கும் இருவருமாக ஒரு பக்கம் எழுதினோம். உங்கள் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டம் என் அம்மாவைப் பெற்ற அப்புச்சி கொடுத்த நிலம் என்று நான் சேர்க்கப் போனபோது நீதான் தடுத்தாய்.

"நமக்குத் தெரியும்கிறது ஆதாரமில்ல புள்ள. அச்சுல இருக்கோணும்."

"கண்ணால பாத்தது பொய்யா?"

"பொய்யில்ல. நாளைக்கு இன்னொருத்தனும் இதையேதான் சொல்லுவான்."

அந்த இன்னொருத்தன் வந்தான், பெயர் சொல்லாமல். கல்லறைத் தோட்டம் கோயில் நிலத்தை அபகரித்து உண்டானது என்று ஒரு வரி. நீ நீக்குவாய், மறுநாள் திரும்ப வரும், மறுபடி நீக்குவாய். ஆங்கிலப் பக்கத்தில் என்றால் நாலு பேர் பாய்ந்து வந்திருப்பார்கள். தமிழில் காவலுக்கு நீ ஒருத்திதான். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

உன்னை அதே தோட்டத்தில், உன் அப்பாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்துவிட்டு வந்து பார்த்தேன். வரி அசையாமல் உட்கார்ந்திருந்தது. நீக்கினேன். சில வாரம் கழித்துத் திரும்பியது, இம்முறை ஆதாரத்தோடு: நம் கோயில் கும்பாபிஷேக மலர், பக்க எண் உட்பட.

மலரைத் தொகுத்தவன் என் தம்பி மகன். கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஏண்டா, இதை யாரு உனக்குச் சொன்னது?"

"நெட்டுலயே போட்டிருக்குதுங்க அத்தை. அதைப் பாத்துத்தான் எழுதுனோம்."

"நெட்டுல உன்ற மலரைப் பாத்து எழுதினதாப் போட்டிருக்குதடா!"

"அப்ப ரெண்டும் ஒத்துப்போகுதுங்களே" என்று சிரித்தான்.

"அது எங்க அப்புச்சி குடுத்த நிலம்."

"அது எங்கீங்க அத்தை எழுதியிருக்குது?"

உன் கேள்வியை அவன் வாயில் கேட்க நேர்ந்தது.

கலைக்களஞ்சியத்தின் உரையாடல் பக்கத்தில் என் சொந்தப் பெயரில் எழுதினேன். 'ஆதாரம் இருந்தால் தாருங்கள் அம்மா' என்று வெளிநாட்டிலிருந்து ஒருவர் மரியாதையாகப் பதில் போட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நீயாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பாய். பொய்க்கு அச்சு கிடைத்துவிட்டது. உண்மைக்கு நான்தான் இருக்கிறேன்.

போன ஞாயிறு, தோட்டத்து வேலியைச் சிலர் டேப் பிடித்து அளப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். மலரின் நகலை ஒருவன் என்னிடமே நீட்டினான்: "படிச்சுப் பாருங்கம்மா, தெரியும்." உன் கல்லறைச் சிமெண்டு இன்னும் நிறம் மாறவில்லை. அதன்மேல் கால் வைத்து நின்றுதான் அளந்தான்.

உன் அப்பாவைப் புதைக்க இடமில்லாமல் உன் அம்மா நின்ற பகல் என் கண்ணில் அப்படியே இருக்கிறது. அப்புச்சி தன் சோளக்காட்டு மூலையில் மண்வெட்டியால் கோடு கிழித்தார். "அழுவாத கண்ணு, இது உங்களுக்குத்தான்" என்று உன்னிடம் சொன்னார். வேறு பத்திரம் கிடையாது. பள்ளிச் சீருடையில் கைகோத்து நின்று நாம் பார்த்தோம். அன்று அங்கே நின்றவர்களில் இன்று மிச்சமிருப்பவள் நான்.

மாத்திரைகளை இப்போது வேளை தவறாமல் விழுங்குகிறேன், உயிர்மேல் ஆசை வந்து அல்ல. அந்த மூலை உன்னுடையது என்று சொல்ல ஒருத்தியாவது இருக்க வேண்டுமே.