ஒரே பரவாயில்லைக்கு இரண்டு எண்

இல்லை பாப்பா, உடம்புக்கு ஒன்றுமில்லை, அப்பாவும் நலம், இருமல் நின்றுவிட்டது, நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்றே நம்புகிறேன். நேற்றிலிருந்து மூன்று முறை நீ கூப்பிட்டும் எடுக்காததற்குக் காரணம் வெட்கம். பேசினால் அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

பித்தப்பை ஆபரேஷனுக்குப் பிறகு வலி எதில் குறைகிறது, வயிற்றின் பக்கவாட்டில் போடும் மரப்பு ஊசியிலா, முதுகெலும்பை ஒட்டிப் போடுவதிலா என்பதுதானே உன் ஆராய்ச்சி. மேற்படிப்புக்குப் போனபோது வலி எண் கேட்டு எழுதும் வேலையை வார்டு நர்ஸான என்னிடம் விட்டாய். அம்மா கேட்டா யாரும் பொய் சொல்ல மாட்டாங்க என்றாய். யாரும் சொல்லவில்லை. நான்தான். யாருக்கு எந்த ஊசி என்று எனக்குத் தெரியக் கூடாதென்று எல்லோருக்கும் இரண்டு இடத்திலும் பிளாஸ்டர் ஒட்டச் சொல்லியிருந்தாய். நீ போன பின் ஆபரேஷன் அறையில் ஊசி போட்ட இடத்தில் மட்டும் ஒட்டினார்கள். பார்த்தேன். கேட்கவில்லை. முதுகு ஊசிதான் ஜெயிக்கும் என்று நீ வீட்டில் துள்ளியது மட்டும் காதில் இருந்தது. நேற்று காலை அடுத்தடுத்த கட்டிலில் இரண்டு பெண்கள். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு வலி என்றேன். இருவருமே பரவாயில்லை சிஸ்டர் என்றார்கள். எடுத்தவுடன் எண் சொல்லப் பலருக்கு வராது, திரும்பக் கேட்க வேண்டும், அதுதான் வேலை. கேட்காமல் எழுதினேன். வயிற்றோரம் பிளாஸ்டர் இருந்தவர் ஒரு தையல்காரம்மா, தலைகீழாக இருந்த தாளையும் படித்துவிடும் கண். ஏன் சிஸ்டர், நானும் அதே பரவாயில்லைதானே சொன்னேன், அவளுக்கு ரெண்டு எனக்கு நாலா, அவ என்ன உங்க சொந்தக்காரியா என்றார். வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு பழைய தாள்களைப் புரட்டினேன். முதுகென்றால் இரண்டு. வயிறென்றால் நான்கு. பக்கம் பக்கமாக. எத்தனை பேர் எண் சொன்னார்கள், எத்தனை பேருக்கு நானே போட்டேன், பிரிக்கத் தெரியவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை என்று எழுத நினைத்தேன். அதுவும் முழு உண்மை இல்லை.

அடுத்த மாதம் டாக்டர்கள் கூட்டத்தில் இதைத்தான் முடிவென்று சொல்லப் போகிறாய். சொல்லாதே. கோபம் வந்தால் என்னைத் திட்டு, சாப்பாட்டை விட்டுவிடாதே. அங்கே குளிரில் வெளியே போகும்போது காதை மூடிக்கொள். என் தப்பு உன்னைத் தொடாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா

பி.கு. கவரை ஒட்டுவதற்கு முன் இங்குள்ள உன் துறைத் தலைவரிடம் போய்த் தாள்களை எல்லாம் கொடுத்து, நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு தையல்காரம்மாவிடம் மறுபடி கேட்டேன். ஆறு என்றார். வலி மருந்து கொடுத்தேன்.