குளவி வந்த பக்கம்

செவ்வாய்க்கிழமை.

சளியில் என் இடது காது ஒரு வாரமாக அடைத்துக் கிடக்கிறது. இன்று தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது குளவி இரைச்சல் கேட்டது. வலப்பக்கமாகவே கேட்டது. உண்மையில் அது எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று எனக்குத் தெரியவேயில்லை. பக்கத்து நிரையில் குனிந்திருந்த செல்வியிடம், "எடது பக்கமா ஓடு புள்ள!" என்று கத்தினேன். என்னை நம்பி ஓடினாள். குளவிக் கூட்டம் அந்தப் பக்கமிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

சாயந்தரம் ஆஸ்பத்திரியில் கண் திறக்க முடியாமல் வீங்கிப் படுத்திருந்தாள். "நீங்க கத்தலன்னா அங்கயே நின்னுருப்பேன்க்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். காதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

இப்போது மகள் அடுப்படியில் நின்று சாப்பிடக் கூப்பிடுகிறாள். அடுப்பு எனக்கு இடப்பக்கம் இருக்கிறது. அவள் குரல் வலப்பக்கம் கேட்கிறது.