இடது பக்கத்து ஆறு பல்புகள்

பாய்,

இன்று காலை உங்கள் மகள் எங்கள் தொழிற்சாலை வாசலுக்கு வந்து ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனாள். "அத்தாவோட கடைய காலி பண்றோம் அங்கிள். இதுல உங்க வண்டி நம்பர் எழுதியிருக்கு" என்றாள். மூடியைத் திறந்ததும் குப்பென்று கிரீஸ் வாசனை, உங்கள் மெக்கானிக் கடை வாசனை. உள்ளே நாளிதழ்த் துண்டுகளில் தனித்தனியாகச் சுற்றி வைத்த ஆறு பல்புகள். என் காரின் முன்விளக்கில் நீங்கள் மாட்டியவை. ஆறும் எரிந்துபோனவை.

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. டப்பாவைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை. 'செத்த பல்பை இந்த மனுஷன் எதுக்குப் பத்திரமா வெச்சிருந்தாரு?' என்றுதான் முதலில் தோன்றியது. துடைத்துப் பளபளப்பாக்கி, புதுசு என்று என் தலையிலேயே திரும்பக் கட்டினாரோ என்றுகூடப் புத்தி போயிற்று. என் மனைவி எஸ்தர் சொல்வது பொய்யில்லை. "உங்களுக்கு உங்க நிழல் மேலயே டவுட்டு. கொழம்புல உப்பு போட்டேன்னு சொன்னாலும் ரெண்டு தடவ தொட்டு நக்கிப் பார்க்கற ஆளு" என்பாள்.

தொட்டுப் பார்ப்பதுதானே பாய் என் பிழைப்பு? இருபத்தாறு வருடமாகத் தோலைத் தரம் பிரிக்கிறேன். மேசையில் விரித்துப் பெருவிரலால் ஒரு தேய்ப்பு. எது முதல் தரம், எது வெளியே மினுக்கி உள்ளே சொத்தை என்று கண்ணுக்கு முந்தி விரல் சொல்லிவிடும். கையுறை கொடுத்தாலும் நாங்கள் போடமாட்டோம், போட்டால் கை குருடாகிவிடும். தோல் மெத்தென்று இருப்பதற்காக ஏற்றுகிற மீன் எண்ணெய் அப்படியே எங்கள் விரலில் குடியேறிவிடும். எந்த சோப்புக்கும் அசையாது. "உங்களுக்குக் கை குடுத்தா அரை நாளைக்கு மீன் வாசனை தோஸ்த்" என்று நீங்கள் கிண்டல் செய்வீர்கள். செய்துகொண்டே கையையும் கொடுப்பீர்கள்.

எஸ்தருக்கு ஆலங்காயத்தில் நர்ஸ் வேலை கிடைத்தபோதுதான் அந்தப் பழைய வெள்ளைக் காரை வாங்கினேன். அவளுக்கு வேலை முடியும்போது பொழுது சாய்ந்திருக்கும். திரும்பும் வழியெல்லாம் காட்டோரத்து வளைவுகள். ஒரு விளக்கு மட்டும் எரிந்தால் எதிரே வருகிறவன் நம்மை பைக் என்று நினைத்து நடுரோட்டில் வருவான். ஒரு மாலை இடது விளக்கு பட்டென்று அணைந்தது. அடுத்த வளைவில் ஒரு லாரி எங்கள் கண்ணாடியை உரசாத குறையாகப் போனது. எஸ்தர் என் முழங்கையைப் பிடித்த பிடி மூன்று நாள் வலித்தது. மறுநாளே உங்கள் கடைக்கு வந்தேன்.

புது பல்பு மாட்டினீர்கள். மூன்று வாரம்தான். மறுபடி மாட்டினீர்கள், மறுபடி மூன்று வாரம். "இன்னா தோஸ்த், உங்க வண்டி பல்ப பக்கோடா மாதிரி தின்னுது!" என்று சிரித்தீர்கள். மூன்றாவது முறை சிரிக்கவில்லை. பேட்டரியில் மீட்டர் வைத்துப் பார்த்தீர்கள், கரண்டு ஜாஸ்தியும் இல்லை, கம்மியும் இல்லை. எர்த் வயரைச் சுரண்டி மாட்டினீர்கள். ஹோல்டரை மாற்றினீர்கள். விளக்குக்குள் தண்ணீர் இறங்குகிறதா என்று குழாயால் பீய்ச்சியும் பார்த்தீர்கள். வலது விளக்கோ வாங்கிய நாளிலிருந்து ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. "ஒரே பேட்டரி, ஒரே கரண்டு. ஒரு கண்ணு மட்டும் ஏன் அவியுது? பேஜாரா கீது தோஸ்த்" என்று தலையைச் சொறிந்தீர்கள்.

நான் யாரைத்தான் சந்தேகப்படவில்லை? முதலில் தொழிற்சாலை வாட்ச்மேன். நல்ல பல்பைக் கழற்றிக்கொண்டு பழசை வைத்துவிடுகிறானோ என்று இரண்டு நாள் ஜன்னல் வழியாக அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எதிர்வீட்டுக்காரர், அவரிடமும் அதே மாதிரி கார். இதையெல்லாம் உங்களிடம் சொன்னேன். சொல்லாதது ஒன்று உண்டு. நீங்கள் மாட்டிய முதல் பல்பிலிருந்தே உங்கள் மேலும் எனக்கு ஒரு கண். ஒவ்வொரு முறையும் மறுநாள் காலை வீட்டு வாசலில் பானட்டைத் தூக்கி, ரப்பர் மூடியை உருவி, கிளிப்பைத் தள்ளி, பல்பை வெளியே எடுத்துவிடுவேன். எப்படி என்று நீங்கள் செய்வதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். அசலா போலியா என்று அடியில் இருக்கும் எழுத்தைப் படிப்பேன். எழுத்தை மட்டும் நம்புவேனா? கண்ணாடியைப் பெருவிரலால் ஒரு தேய்ப்பு தேய்த்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி திரும்ப மாட்டுவேன். வலது பக்கம் பேட்டரி அடைத்துக்கொண்டிருக்கும், அங்கே என் கை நுழையாது.

நான்காவது பல்பைக் கழற்றிய அன்று அதை வெயிலில் பிடித்து வெகுநேரம் பார்த்தீர்கள். "தோஸ்த், இத யாராச்சும் கழட்டினீங்களா? கண்ணாடிய தொட்டீங்களா?"

"இல்ல பாய். நான் ஏன் தொடப்போறேன்?"

"இல்ல, எதுக்கு கேக்கறேன்னா, கைப்பட்டா..."

முடிக்க விட்டேனா? "பொருள் சரியில்லன்னா அத சொல்லுங்க பாய். பழிய என் மேல போடாதீங்க" என்று எரிந்து விழுந்தேன். டீ கிளாஸைப் பிடித்திருந்த என் கையை ஒருமுறை பார்த்தீர்கள். "சரி தோஸ்த்" என்றீர்கள். அவ்வளவுதான். அதற்கப்புறம் மாட்டிய இரண்டு பல்புக்கும் நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததே எனக்குப் பெரிய சாட்சியாகப் போயிற்று. மடியில் கனமில்லாவிட்டால் ஏன் இந்த மௌனம் என்று நினைத்தேன்.

ஆறாவதும் போன அன்றுதான் டீக்கடையில் அந்த வார்த்தையைச் சொன்னேன். "பாய் கடைல எல்லாம் டூப்ளிகேட்டு. ஆறு பல்பு பார்த்துட்டேன்." எங்கள் தொழிற்சாலை வேன் ஓட்டுகிற இரண்டு பேர் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பிறகு அவர்கள் உங்கள் கடைக்கு வரவில்லை, நானும் வரவில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? இந்த ஊரில் பேச்சு நம் வாயை விட்டு இறங்குவதற்குள் அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

புதிதாகப் பிடித்த மெக்கானிக் மாட்டியதையும் கழற்றித் தேய்த்துப் பார்த்தேன், அதுவும் மூன்றே வாரத்தில் போனது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? 'ஊரே டூப்ளிகேட்டு' என்று முடிவு கட்டினேன் பாய். அப்படிப்பட்ட அறிவாளி நான்.

கடைசியாக உங்களைப் பார்த்தது பழக்கடை வாசலில். நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன். நீங்களே வந்து, "தங்கச்சி ஆலங்காயத்துலேர்ந்து பத்திரமா வர்றாங்களா? லைட்டு எரியுதா?" என்றீர்கள். "எரியுது" என்றேன். குத்திக் காட்டுகிறீர்கள் என்று நினைத்தேன். அடுத்த மாதம் உங்களுக்கு நெஞ்சுவலி என்றார்கள், மறுநாள் நீங்கள் இல்லை என்றார்கள். பள்ளிவாசலுக்கு எதிரே செருப்பைக் கழற்றாமல் ஓரமாக நின்றுவிட்டு வந்தேன்.

இன்று மதியம் டப்பாவோடு காரில் உட்கார்ந்தேன். இடது விளக்கு மறுபடி போயிருந்ததால், யாரையும் நம்பாமல் நேற்று நானே ஒரு பல்பு வாங்கி வைத்திருந்தேன். அது இன்னும் அட்டைப் பெட்டியில்தான் இருந்தது. அந்தப் பெட்டியை நான் அதுவரை பார்த்ததே இல்லை, எப்போதும் கடையிலேயே மாட்டிவிடுவார்கள். அதன்மேல் ஒரு படம் போட்டிருந்தது. பல்பின் கண்ணாடியை ஒரு விரல் தொடுகிறது, அதன் குறுக்கே பெருக்கல் குறி. கீழே, கையில் உள்ள எண்ணெய் பட்டால் அந்த இடம் மட்டும் அதிகமாகச் சூடேறிப் பல்பு சீக்கிரம் போய்விடும் என்று எழுதியிருந்தது.

உங்கள் பல்புகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்தேன். ஆறிலும் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு பால் நிறத் திட்டு. ஒவ்வொரு திட்டின் குறுக்கேயும் சாய்வாக ஒரு தெளிவான கோடு. என் பெருவிரலைப் பக்கத்தில் வைத்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தோல் சீவும் கத்தி கிழித்த தழும்பு, அதே சாய்வில். உங்களுக்கு அந்தத் தழும்பு தெரியும். ஐயோ, அன்றைக்கு டீ கிளாஸைப் பிடித்திருந்த கையில் நீங்கள் பார்த்தது அதைத்தான்.

உடனே உங்கள் மகளுக்குப் போன் போட்டேன். இந்தப் பல்பைப் பற்றி அத்தா ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். சொன்னாள். "நாந்தான் கேட்டேன் அங்கிள், 'டீக்கடைல அவரு உங்கள அப்படி பேசறாரே அத்தா, இந்த டப்பாவ கொண்டுபோய் நாலு பேர் முன்னாடி காட்ட வேண்டியதுதானே'ன்னு. 'தொடலன்னு அவரு வாயாலயே சொல்லிட்டாரு. இத காட்டினா அவர பொய்யன்னு நானே ஊருக்கு சொன்ன மாதிரி ஆயிடும். உடுமா'ன்னுட்டாரு."

உங்கள் பெயரைக் காப்பாற்ற ஆறு சாட்சியை வைத்துக்கொண்டு, என் பெயரைக் காப்பாற்ற மூடி வைத்தீர்களே பாய். என்னால் தாங்க முடியவில்லை. காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டு அழுதேன்.

சாயங்காலம் நேராக அந்த டீக்கடைக்குப் போனேன். வேன் ஓட்டுகிற அந்த இருவரும் இருந்தார்கள். டப்பாவை பெஞ்சில் வைத்துத் திறந்து, பெருவிரலைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். பாய் மாட்டியது அத்தனையும் அசல் என்று சத்தமாகவே சொன்னேன். ஒருவர் பல்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத அவரு இருக்கச்சே வந்து சொல்லியிருக்கலாம்ல?" என்றார். டீ மாஸ்டர் கிளாஸ் கழுவுவதை நிறுத்தவே இல்லை. டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தேன்.

அங்கேயே பானட்டைத் தூக்கினேன். புது பல்பை அடிப்பக்கம் காகிதத்தில் பிடித்து, நீங்கள் செய்வதுபோலக் கண்ணாடியில் கை படாமல் மாட்டி மூடினேன். விரல் துறுதுறுத்தது. திறக்கவில்லை. ஆலங்காயம் போய் எஸ்தரை அழைத்து வந்தேன், இரண்டு கண்ணும் எரிந்தன. அவள் வழியெல்லாம் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

அன்று நீங்கள் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. கையை எத்தனை முறை கழுவினாலும் அதுவும் அந்த எண்ணெய் மாதிரிதான், என்னை விட்டுப் போகாது. இப்போது பதில் சொல்கிறேன்.

தொட்டேன் பாய். ஆறையும் நான்தான் தொட்டேன்.