ஆதிராவின் பாஸ்வேர்ட்

2003 ஜூன் 9, திங்கள்

காலை முழுக்க ஒவ்வொரு மானிட்டராகப் போய் மஞ்சள் சீட்டுகளைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றிலும் பாஸ்வேர்ட். ஒருத்தி குழந்தையின் பெயர் வைத்திருக்கிறாள், ஒருவன் பைக் நம்பர். இனி ஒருவருடைய பாஸ்வேர்ட் இன்னொருவருக்குத் தெரியக் கூடாது, எங்கேயும் எழுதி ஒட்டக் கூடாது. அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் கேட்டு டைப் அடிக்கிற கம்பெனி இது. முகம் தெரியாத நோயாளிகளின் சங்கதியெல்லாம் எங்கள் திரையில் கிடக்கிறது. விதி வேண்டாமா? ஆனால் ‘அட்மின் இல்ல, போலீஸு’ என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பு.

கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற எனக்கும் சுவாமிதாஸ் அண்ணனுக்கும் மட்டும் இன்னும் ஒரே அட்மின் ஐடி. பகலில் நான், மாலை ஷிப்டில் அவர். தனித்தனியாக வேண்டும் என்று மேனேஜர் சாம்பசிவன் சாரிடம் மறுபடியும் கேட்டேன். “பின்னே பாக்கலாம்.”

ஜூன் 13, வெள்ளி

ஆபீசே கொதிக்கிறது. ஒரு ரிப்போர்ட்டில் மைக்ரோகிராம் என்று வர வேண்டிய இடத்தில் மில்லிகிராம் என்று போய்விட்டது. தைராய்டு மாத்திரை, ஆயிரம் மடங்கு அதிகம். அங்கே ஒரு நர்ஸ் கவனித்ததால் நோயாளி அம்மாள் பிழைத்தாள். இரண்டாம் முறை கேட்டுச் சரிபார்க்காமலே அனுப்பச் சொன்னவர் சாம்பசிவன் சார்தான். அதை யாரோ சென்னை தலைமை ஆபீசுக்கு மெயிலில் எழுதிவிட்டார்கள்.

ஜூன் 17, செவ்வாய்

கேபினுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார் சார்.

“ராஜஸ்ரீ, ஒரு சின்ன காரியம். ஆதிராவோட பாஸ்வேர்ட் வேணும்.”

ஆதிரா, டைப் அடித்த ரிப்போர்ட்டுகளைச் சரிபார்க்கிற எடிட்டர். பாறசாலைப் பெண். தப்பு கண்டால் விடமாட்டாள். மெயில் எழுதியது அவள்தான் என்று எனக்குமே தோன்றியிருந்தது.

பாஸ்வேர்டை யாராலும் பார்க்க முடியாது, மாற்றத்தான் முடியும் என்றேன்.

“அப்போ மாத்திக் கொடு.”

“எழுத்தில தாங்கோ சார். செய்யறேன்.”

அவர் முகம் போன போக்கு! பிறகு மெதுவாக, “உன் வேலை உறுதியாகுற சமயம் இது. ஆலோசிச்சுக்கோ” என்றார்.

வெளியே வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். எழுத்தில் தந்திருந்தால் செய்திருப்பேனா? தெரியவில்லை.

ஜூன் 18

ராத்திரி சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரர் ஜெயந்திடம் சொன்னேன். “உனக்கென்னத்துக்குடீ இந்த வம்பு? மேனேஜர் சொல்றார், நீ செய்யறே. பாபமானா அவருக்குத்தானே” என்றார். கரமனை ஊர்க்காரர்கள் எல்லாருமே இப்படித்தானா, இல்லை எனக்கு வாய்த்தவர் மட்டும்தானா?

ஆதிராவிடம் சொல்ல வேண்டும். இன்று கேன்டீனில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

ஜூன் 19

இன்றும் சொல்லவில்லை.

ஜூன் 20, வெள்ளி

காலையில் ஆதிரா போன் செய்தாள். “சேச்சி, என் பாஸ்வேர்ட் ஏற்க மாட்டேங்குது.” யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று கம்ப்யூட்டர் குறித்து வைக்கிற லாகைத் திறந்து பார்த்தேன். நேற்று மாலை, நான் பஸ் ஏறிய பிறகு, அவளுடைய பாஸ்வேர்ட் மாற்றப்பட்டிருக்கிறது. மாற்றியது — அட்மின்.

உடனே எழுந்து அவளிடம் ஓடியிருக்க வேண்டும். அதற்குள் சார் அவளைக் கூப்பிட்டுவிட்டார். அவளுடைய மெயில்களைப் பிரின்ட் எடுத்து மேஜைமேல் பரப்பி வைத்திருந்தாராம். சென்னைக்கு எழுதியது மட்டுமில்லை — அவளுடைய அக்கா விவாகரத்து விஷயமாக அனுப்பிய மெயில்கூட. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது.

பையை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள்.

“நீங்கதானா சேச்சி?”

“இல்லை. சத்தியமா இல்லை. என்கிட்ட கேட்டார், மாட்டேன்னுட்டேன்.”

“எப்போ கேட்டாரு?”

“செவ்வாய்க்கிழமை.”

“செவ்வாய்க்கிழமையே தெரியும். என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல்ல.”

போய்விட்டாள். மழையில், குடை இல்லாமல். ஐயோ, நான் என்ன செய்து வைத்தேன்! ஒன்றும் செய்யவில்லை. அதுதானே—

ஜூன் 21

வீட்டுக்குப் போகாமல் சுவாமிதாஸ் அண்ணன் ஷிப்டுக்கு வரும்வரை காத்திருந்தேன். கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டார்.

“ராஜஸ்ரீ சம்மதிச்சாச்சு, இனி நீ செய்தா மட்டும் மதின்னு சாரு சொன்னாரு. நான் என்னத்தக் கண்டேன் மக்ளே?”

“இதை சென்னைக்குச் சொல்வேளா?”

“எனக்க மோளுக்கு கல்யாணம் வச்சிருக்கு. என்னை விட்டிரு.”

அந்த மனிதரை என்ன சொல்ல? கோபம்கூட வரவில்லை.

ஜூன் 23, திங்கள்

சென்னைக்கு எழுதிவிட்டேன். செவ்வாய்க்கிழமை கேட்டது, நான் மறுத்தது, லாக் நகல், எல்லாம். அண்ணனின் பெயரை எழுதவில்லை. அட்மின் ஐடி இருவரிடம் இருக்கிறது என்று மட்டும். அனுப்பும் பட்டன்மேல் விரலை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ.

ஜூன் 27

பதில் இல்லை. சார் என் பக்கம் திரும்புவதே இல்லை. கேன்டீனில் நான் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. ஆதிராவை மாட்டிவிட்டவள் நான்தான் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். அவள் போனை எடுப்பதில்லை.

ஜூலை 3, வியாழன்

நாளை சென்னையிலிருந்து விசாரிக்க வருகிறார்கள்.

ஜூலை 4, வெள்ளி

வழக்கமாகப் பழவங்காடி பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டுப் போகிற ஜெயந்த் இன்று கழக்கூட்டத்தில் ஆபீஸ் வாசல் வரை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார். இறங்கியதும், “உள்ளதைச் சொல்லு. வேலை போனா போறது” என்றார்.

வந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றாமல் ஒரு மணி நேரம் கேட்டாள். சாம்பசிவன் சார் பதறவே இல்லை. “லாகைப் பாருங்க மேடம். அவங்க ஐடி. மாத்தினது ராஜஸ்ரீதான். இப்போ பயந்துபோய் என் தலையில கெட்டி வைக்கிறாங்க.”

அந்த நேரம் நான் பஸ்ஸில் இருந்தேன் என்பதற்கு என் வாய்வார்த்தை தவிர வேறு என்ன இருக்கிறது?

சுவாமிதாஸ் அண்ணனைக் கூப்பிட்டார்கள். உள்ளே வந்தவர் உட்காரவில்லை. என்னைப் பார்த்தார், சாரைப் பார்த்தார்.

“நான்தான் மாத்தினேன். சாரு சொல்லி மாத்தினேன். இந்தக் குட்டிக்கு ஒண்ணும் அறியாது.”

சார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அண்ணன் அசையவில்லை. அவர் சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது.

ஜூலை 9

சாம்பசிவன் சாரின் கேபின் பூட்டிக் கிடக்கிறது. அண்ணனுக்கு எச்சரிக்கைக் கடிதம், வேலை இருக்கிறது. எனக்கு ஒன்றுமில்லை — திட்டும் இல்லை, நல்ல வார்த்தையும் இல்லை.

ஜூலை 14, திங்கள்

ஆதிரா வந்தாள். தலைமை ஆபீசிலிருந்து திரும்ப வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

ஆனால் அவளுக்குப் புது பாஸ்வேர்ட் வைத்துத் தர நான்தானே போயாக வேண்டும். திரையைத் திறந்து, “நீயே போட்டுக்கோ” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன். கீபோர்டில் சத்தமே இல்லை. வெகுநேரம். நான் திரும்பவில்லை. பிறகு ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக, அடித்தாள். மறுபடியும் ஒருமுறை அடித்தாள்.

“இனி திரும்பலாம் சேச்சி” என்றாள்.